வாங்க... உட்காருங்க... தண்ணி குடிங்க!

காரைக்கால்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நண்பர் ஒருத்தர், போன மே மாசம் தன் ரூமை 'டெகரேட்' பண்ணினார். சுவர் பூரா சீரியல் லைட், ஜன்னலுக்குக் கனமான மெரூன் கலர் ஸ்க்ரீன், தரையில காலை வெச்சா புதையுற மாதிரி புசுபுசு கார்ப்பெட், மூலைக்கு மூலை வாசனை மெழுகுவத்தி. 'செம கோஸியா இருக்கு மச்சி, வந்து பாரு'ன்னு அழைப்பு வேற.

போனோம். மத்தியானம் ரெண்டு மணி. கடலோர ஊர் வெயில் எப்படின்னு சொல்லணுமா? ஸ்க்ரீன் காத்தை அடைச்சுடுச்சு, மெழுகுவத்தி மிச்சத்தைப் பார்த்துக்கிச்சு. பத்தே நிமிஷம். 'டீ சாப்பிடலாம் வா'ன்னு எல்லாரும் தெருமுனைக் கடைக்கு ஓடி வந்துட்டோம். முதல் ஆளா ஓடி வந்தது அந்த ரூமோட ஓனர்!

நண்பரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர் போட்ட டிசைன், குளிர்ல நடுங்குற ஊர்க்காரங்களுடையது. டென்மார்க்ல 'ஹூகே'ன்னு ஒரு வார்த்தை உண்டு. வெளியே பனி கொட்டும்போது உள்ளே மெழுகுவத்தி, கம்பளி, சூடான பானம், நாலு பிரியமான ஆளுங்க... அந்தச் சுகத்துக்குப் பேர்தான் ஹூகே. இதைப் பத்திப் புத்தகங்களா வந்து குவிஞ்சு, 2016-ல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரங்களோட 'இந்த வருஷத்து வார்த்தை' போட்டியில கடைசிப் பட்டியல் வரைக்கும் போச்சு. அப்புறம் என்ன, உலகம் பூரா மெழுகுவத்தி, கம்பளி, கார்ப்பெட்தான்.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த டென்மார்க்காரங்க நமக்குப் பக்கத்து ஊர்க்காரங்க! காரைக்கால்ல பஸ் ஏறி வடக்கே போனா கொஞ்ச நேரத்துல தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி அங்கே கோட்டை கட்டினாங்க. 1845-ல் ஆங்கிலேயர்கிட்ட வித்துட்டுக் கிளம்புற வரைக்கும் 225 வருஷம் இந்த வெயில்ல இருந்தாங்க. கோட்டையைப் போய்ப் பாருங்க... கனத்த சுவர், உயரமான கூரை. கம்பளி போர்த்திக்கிற இடமா அது? அவங்களே இங்கே வந்ததும் காத்தைத்தான் தேடியிருக்காங்க.

இங்கிலீஷ்காரர் ஒருத்தரை நல்லா வரவேற்கணும்னா 'வார்ம்' வெல்கம்னு சொல்வார். அவர் ஊர்க் குளிருக்கு அது நியாயம். நாம என்ன சொல்றோம்? 'மனசு குளிர்ந்துடுச்சு', 'கண் குளிரப் பார்த்தேன்', 'வயிறு குளிர வாழ்த்தினாங்க'. யாராவது 'உங்க வீட்டுக்கு வந்தேன், மனசு சூடாயிடுச்சு'ன்னு சொன்னா சண்டைக்கு வந்திருக்கார்னு அர்த்தம்! அதனால நம்ம ஊர்ல வீட்டை அழகு பண்றதுன்னா, வர்றவங்களைக் குளிர்விக்கிறது. இதை டிசைனர் யாரும் சொல்லித் தரவேண்டாம். பழைய காரைக்கால் வீடுகள் வாசல்லயே எழுதி வெச்சிருக்கு.

வாசல் பேசும்!

காரைக்கால், 1739-ல் பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போன ஊர். நடுநடுவே ஆங்கிலேயர் பிடுங்கிக்கிட்டது போக, 1954 நவம்பர் 1 வரைக்கும் அவங்க ஆட்சி. ஆனா ஊருக்குள்ள பழைய ஓட்டு வீடுகளைப் பார்த்தா, அசல் தமிழ் வீடு. சாய்வா இறங்குற ஓட்டுக் கூரை, அதைத் தாங்க மரத்தூண், தூணுக்கு உள்பக்கம் திண்ணை. அதைத் தாண்டினாத்தான் கதவு. சில வீடுகள்ல முன் கதவைத் திறந்தா நேர்க்கோட்டுல கொல்லைப்புறம் வரைக்கும் தெரியும். மத்தியானத்துக்கு மேல கடல் காத்து கிளம்பும் பாருங்க... அது டிக்கெட் எடுக்காம இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போகும். நடுவுல முற்றம் இருந்தா உள்ளே இருக்கிற சூடு அதுவழியா மேலே போயிடும்.

பாண்டிச்சேரித் தமிழர் பகுதியில இன்னொரு படி அதிகம். அங்கே திண்ணைக்கு முன்னாடியே வீதியை ஒட்டி 'தாழ்வாரம்'னு ஒண்ணு இருக்கும். அது வழியில போறவங்களுக்கு, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க. திண்ணை, உட்கார்ந்து பேச வர்றவங்களுக்கு. உள்ளே முற்றமும் கூடமும் சொந்தபந்தத்துக்கு. அதாவது தெரியாத ஆளுக்கு ஒரு இடம், தெரிஞ்ச ஆளுக்கு ஒரு இடம், நம்ம ஆளுக்கு ஒரு இடம்! அங்கே வைசியாள் வீதியில இந்த மாதிரி வீட்டு முகப்புகளைப் பழுதுபார்த்து மீட்டெடுத்தாங்க. 2008-ல் யுனெஸ்கோவோட ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைச்சது. பாண்டிக்குப் போனா கடற்கரையில செல்ஃபி எடுத்த கையோட இந்த வீதியிலயும் ஒரு நடை நடந்துட்டு வாங்க.

வாசல் கோலம்? அது ஒரு நோட்டீஸ் போர்டு. கோலம் இருந்தா வீட்டுல எல்லாம் நலம், வரலாம். இல்லைன்னா ஏதோ துக்கம், மெதுவா விசாரிச்சுட்டு உள்ளே போகணும். அரிசி மாவுல போட்டா எறும்புக்கும் விருந்து. டிசம்பர் வந்தா மாதா கோயில் பக்கத்து வீடுகள்ல காகித நட்சத்திரம் தொங்கும். கந்தூரி நாள்ல மஸ்தான் சாகிப் தர்காவுக்கு எந்த மதத்துக்காரரும் போவார். இந்த ஊருக்கு யாரையும் வாசல்லயே நிறுத்திப் பழக்கமில்லை.

முதல் ஹோஸ்ட்!

விருந்தாளியை உபசரிச்சே வரலாற்றுல இடம்பிடிச்ச ஒரு வீடு காரைக்கால்ல இருந்தது. வணிகர் பரமதத்தன் வீடு. சேக்கிழார் பெரியபுராணத்துல சொல்ற கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பரமதத்தன் ரெண்டு மாம்பழம் வீட்டுக்குக் கொடுத்தனுப்புறார். பசியோட ஒரு சிவனடியார் வாசல்ல வந்து நிற்கிறார். சோறு வெந்தாச்சு, கறி இன்னும் ஆகலை. 'கொஞ்சம் பொறுங்க'ன்னு புனிதவதி சொல்லலை. புருஷன் அனுப்பின பழத்துல ஒண்ணை எடுத்து, சோத்தோட போட்டுட்டாங்க. அப்புறம்தான் பிரச்னை. சாப்பிட உட்கார்ந்த பரமதத்தன் ஒரு பழத்தைத் தின்னுட்டு, ருசி தாங்காம இன்னொண்ணையும் கேட்டார். இறைவனருளால வந்த பழத்தை வெச்சாங்க, அவர் நம்பலை. கடைசியில அவங்களை விட்டுட்டுக் கப்பலேறிப் போயிட்டார். புனிதவதி காரைக்கால் அம்மையார் ஆனாங்க.

பக்தியோட படிக்கிறவங்க பக்தியோட படிங்க. எனக்கு எப்பவும் தோணுறது வேற: வாசல்ல நின்ன முகம் தெரியாத ஆளுக்காக அந்தப் பொண்ணு எவ்வளவு பெரிய விலை கொடுத்தாங்க!

அந்தக் கதை ஆனி மாசப் பௌர்ணமியை ஒட்டி வருஷாவருஷம் வீதிக்கு வருது. மாங்கனித் திருவிழா. மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம்னு ஆரம்பிச்சு, பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடியில இருந்தெல்லாம் மாம்பழம் பறக்கும். கீழே கூட்டம் கையை நீட்டிப் பிடிக்கும். ராத்திரி அமுது படையல். அன்னிக்கு ஊர்வல வீதியில இருக்கிற வீடுகளைப் பாருங்க. வாசல்ல மாவிலைத் தோரணம், உள்ளே எங்கேயோ கேட்டரிங் சாம்பார் வாசனை, திண்ணையில யார் யாரோ! வீட்டுக்காரருக்கே பாதிப் பேரைத் தெரியாது. யாரும் யாரையும் 'நீங்க யாரு?'ன்னு கேட்கறதில்லை. அதைவிட அழகான வீட்டு அலங்காரத்தை நான் எந்த இன்டீரியர் புத்தகத்துலயும் பார்த்ததில்லை.

மறுநாள்? கிரில் கேட்டுக்குப் பூட்டு விழுந்துடும்.

திண்ணைக்குப் பூட்டு

இங்கேதான் சொந்தக் கதை ஒண்ணு சொல்லியாகணும். எங்க வீட்டுலயும் திண்ணை இருந்தது. சிவப்பு ஆக்ஸைடு தரை. அப்பாயி தினம் ஈரத்துணியால துடைச்சுத் துடைச்சு முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு ஏத்தி வெச்சிருந்தாங்க. கீரைக்கார அம்மா கூடையை இறக்கி வெச்சுட்டு அரைமணி நேரம் உட்காருவாங்க. போஸ்ட்மேன் உட்காருவார். மழைக்கு ஒதுங்குற காலேஜ் பசங்க உட்காருவாங்க. அப்பாயி ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்கிற முதல் கேள்வி, "தண்ணி குடிக்கிறியா?"

அப்பாயி போனதுக்கப்புறம் வீட்டை ரிப்பேர் பண்ணினோம். திருட்டு பயம், பைக் நிறுத்த இடம், நாய்த் தொல்லைன்னு ஆளாளுக்குக் காரணம். திண்ணையைச் சுத்திக் கிரில் போட்டாச்சு. சிவப்புத் தரைமேல வழுவழு டைல்ஸ் ஒட்டியாச்சு. அந்த யோசனைக்கு நானும்தான் கைதூக்கினேன். ஹால்ல புது சோபா, ஷோகேஸ், சுவர்ல அருவி கொட்டுற படம்... எல்லாம் பார்க்க ஜோர். ஆனா ஒரு வருஷம் கழிச்சுத்தான் உறைச்சது. வீட்டுக்கு யாருமே வர்றதில்லை! கீரைக்கார அம்மா கிரில்லுக்கு வெளியே நின்னு கட்டை நீட்டிட்டுப் போயிடறாங்க. சோபா மேல போட்ட பிளாஸ்டிக் கவரைக் கழற்ற வேண்டிய அவசியமே வரலை.

காரணமில்லாம யாரும் கிரில் போடறதில்லை, ஒத்துக்கறேன். பிள்ளைங்க பிரான்ஸ்ல செட்டில் ஆகி, பெரிய வீட்டுல வயசானவங்க மட்டும் தனியா இருக்கிற குடும்பங்கள் இந்த ஊர்ல நிறைய. அவங்களைப் பார்த்து 'கதவைத் திறந்து வைங்க'ன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா திண்ணை போன இடத்துல அவங்களோட பேச்சுத்துணையும் போயிடுச்சே, அதுக்கு என்ன பண்றது?

திண்ணை ஒண்ணும் ஆடம்பரமில்லைன்னு எனக்குப் புரியவெச்சது மீனவ கிராமங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி காரைக்கால் கடலோரத்தையும் அடிச்சுப் போட்டது. அதுக்கப்புறம் நம்ம கிழக்குக் கடற்கரை பூரா வரிசை வரிசையா கான்கிரீட் வீடுகள் எழும்பின. உறுதியான வீடு, அந்த நேரத்துக்குப் பெரிய உதவி. ஆனா பெரும்பாலும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி பெட்டி பெட்டியா இருந்தது. வெயில்ல கான்கிரீட் தளம் கொதிக்கும், மரமும் இல்லை. குடிபோனவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? முடிஞ்சவங்க முதல் வேலையா வாசல்ல நாலு கம்பு நட்டு, கீத்து வேய்ஞ்சு ஒரு சாய்ப்பு இறக்கினாங்க. வலை பின்ன, மீன் பேச்சு பேச, பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார. எல்லாத்தையும் கடல்ல விட்டுட்டு வந்தவங்க, கையில காசு சேர்ந்ததும் மொதல்ல உண்டாக்கிக்கிட்டது ஒரு நிழல்.

நம்ம ரூமுக்கு என்ன பண்ணலாம்?

'எல்லாம் சரி பாஸ், நான் இருக்கிறது பத்துக்குப் பத்து வாடகை ரூம். ஆணி அடிச்சாலே ஹவுஸ் ஓனர் மேல ஏறி வந்துடுவார். நான் எங்கே திண்ணை கட்ட?' நியாயமான கேள்வி. என்.ஐ.டி., ஜிப்மர், வேளாண் கல்லூரின்னு எங்கெங்கிருந்தோ வந்து காரைக்கால்ல தங்கிப் படிக்கிறவங்க எல்லாருக்கும் இதே பாடுதான்.

மெழுகுவத்தி வாங்குற காசுல முதல்ல பல்பை மாத்துங்க. நம்ம ரூம்கள்ல பெரும்பாலும் 6,500 கெல்வின் வெள்ளை வெளிச்சம். ஆபரேஷன் தியேட்டர் எஃபெக்ட்! கடையில 'வார்ம் ஒயிட்'னு கேட்டா 2,700 இல்லை 3,000 கெல்வின்ல எல்.இ.டி. தருவாங்க. பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள் வெளிச்சம், ஆனா சூடு குறைச்சல். மழைக்கால ராத்திரியில பூச்சியும் அவ்வளவா மொய்க்காது. படிக்கிற மேஜைக்கு மட்டும் வெள்ளையை வெச்சுக்கங்க.

அடுத்து, ஜன்னலுக்கு எதிர்ல பீரோவை நிறுத்தாதீங்க. காத்து வர்ற பாதை எதுன்னு ஒரு நாள் மத்தியானம் ஊதுவத்தி கொளுத்திப் பார்த்தாலே தெரிஞ்சுடும். கனமான ஸ்க்ரீனுக்குப் பதில் அம்மாவோட பழைய சுங்குடிப் புடவை போதும். கார்ப்பெட் வேண்டவே வேண்டாம், இந்த ஊர் ஈரக்காத்துல ரெண்டே மாசத்துல முடை நாத்தம் எடுக்கும். கோரைப்பாய் வாங்குங்க. சீர்காழி, கொள்ளிடம் பக்கம் போனா தைக்கால்ல பிரம்புச் சாமான் கடைகள் வரிசையா இருக்கும். ஒரு சின்ன முக்காலி அங்கே வாங்கினா காலத்துக்கும் வரும்.

அப்புறம் மண்பானை. ஒரு உண்மையைச் சொல்லிடறேன். பானை தண்ணியைக் குளிர வைக்கிறது, மண் வழியாக் கசியுற ஈரம் ஆவியாகிறதாலதான். கடலோரத்துல காத்துலயே ஈரம் ஜாஸ்திங்கிறதால பானை கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணும். காத்து நல்லா படுற ஜன்னலோரம் மணல் பரப்பி, அதுமேல வெச்சீங்கன்னா வேலை செய்யும்.

எல்லாத்துக்கும் மேல, உங்களுக்குன்னு ஒரு தட்டு, டம்ளர் வாங்கும்போது வர்றவங்களுக்குன்னு இன்னொரு செட் வாங்கி வைங்க. ஒரு தலையணை எக்ஸ்ட்ரா. நீங்க மட்டும் இருக்கிறதுக்கு ஏற்பாடு பண்ணின ரூம், எவ்வளவு சீரியல் லைட் போட்டாலும் வெயிட்டிங் ரூம் மாதிரிதான் இருக்கும்.

நம்ம 'கோஸி' நண்பர் இப்போ கார்ப்பெட்டைச் சுருட்டிப் பரண்ல போட்டுட்டார். கோரைப்பாய் விரிச்சிருக்கார். பானையும் வந்தாச்சு. பின்விளைவு: பக்கத்து ரூம் பசங்க பூரா அங்கேயே கிடக்கிறதால, 'செமஸ்டர் போச்சுடா'ன்னு புலம்பிக்கிட்டிருக்கார்.

எங்க வீட்டுல? கடல் காத்துல கிரில் கேட்டோட பூட்டு துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. அப்பா ரம்பம் வெச்சு அறுத்தார். புதுப் பூட்டு வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கார், மூணு வாரமாச்சு, இன்னும் கடைக்குப் போன பாடில்லை.

போன ஞாயித்துக்கிழமை போன்ல பேசும்போது, கீரைக்கார அம்மா வர்றாங்களான்னு கேட்டேன். "வராம என்ன? ரெண்டு நாளா உள்ளே வந்து உட்கார்றாங்க. டைல்ஸ் வழுக்குதாம், ஒரே திட்டு"ன்னாங்க அம்மா.