காற்றில் வரும் இணையம் எவருடையது?

அயல் வீட்டு வானொலியிற் பாட்டொலிக்கின்றது. அதனை நாம் வேலியருகில் நின்று கேட்பதால் அவ்வீட்டாருக்கு யாதொரு குறைவும் நேர்வதில்லை. இந்நியாயத்தையே கடவுச்சொல் இடப்படாத வைஃபைக்கும் சிலர் பொருத்துகின்றனர். ‘அலை தானாக என் வீட்டினுள் வந்தது, நான் வேலி கடக்கவில்லையே’ என்பது அவர்தம் வாதம்.

வாதம் இடறும் இடம் ஒன்றுண்டு. வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே செய்யும். கைத்தொலைபேசியோ மறுமொழியும் பேசும். அது அயலவரின் ரவுட்டரை ஏவி, அவர் பணங்கொடுத்துப் பெற்ற இணைப்பின் வழியே வெளியுலகுக்குச் செல்கின்றது. மாதத்துக்கு இத்தனை கிகாபைட் என அளந்து வாங்கியவருக்கு அந்த அளவு குறைகின்றது. அதனினும் பெரிது அவர் பெயர். தெருவில் நிற்கும் எவரோ அவ்விணைப்பில் அவதூறு எழுதினால், வெளியே தெரிவது அவ்வீட்டு இணைப்பின் முகவரியே; விசாரணை முதலில் வருவதும் அவர் படலைக்கே.

இஃது வெறுங் கற்பனையன்று. ஜேர்மனியில் ஒருவர் விடுமுறைக்கு வெளியூர் சென்றிருந்த வேளை, அவருடைய இணைப்பின் வழியே பாடலொன்று இணையத்திற் பகிரப்பட்டது. தக்க காவலின்றி அதனை விட்டமைக்கு அவரும் ஓரளவு பொறுப்பாளியே என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010 மே மாதத்தில் தீர்த்தது. 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அப்பொறுப்பைப் பெரிதும் தளர்த்திற்று. நம் நாட்டிலோ, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றிப் பிறர் கணினியினுட் புகுவதைக் குற்றமாக்குகின்றது.

சட்டம் நிற்க. பழைய வீடுகளின் திண்ணையில் வழிப்போக்கன் எவரையுங் கேளாமல் அமரலாம். கதவு திறந்திருப்பினும் உள்ளே செல்லான். அது திண்ணையா, மறந்து விட்ட கதவா என்பதே இங்கும் கேள்வி. விருந்தினர்க்கென்று பெயரிட்டு ஒரு தேநீர்க்கடை திறந்து வைத்தது திண்ணை. தொழிற்சாலை இட்ட எழுத்தும் இலக்கமுமான பெயரோடு பூட்டின்றிக் கிடப்பது, பெரும்பாலும், பூட்டத் தெரியாத ஒரு முதியவரின் கதவு.

ஆயின் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசிக்கு மாறியபோது, வசதியற்ற பிள்ளையொருத்தி அயலார் மதிலோரம் நின்று பாடத்தை இறக்கியிருப்பின், அவளைக் கள்ளி என்பதற்கு ஓர் ஆசிரியனாகிய என் நா எழாது. அவளுக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பேன். எடுக்கும் உரிமை உண்டென்று சொல்லேன். கேட்க அஞ்சும்படி அவளை வைத்திருப்பது யார் என்பதையும் அயலவர் எண்ணவேண்டும்.

கொடுக்க விரும்புவோர்க்கு வழியுண்டு. இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் விருந்தினர்க்கெனத் தனி வலையமைப்பை அமைத்து, அதற்கு வேறு கடவுச்சொல் இடலாம். அப்போதும் பொறுப்பு முற்றாக நீங்காது. ஆனால் யாருக்குக் கொடுத்தோம் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.