ஓடும் படகை எதற்கு அறுக்கிறார்கள்? ஃபைபர் பாய்மரப் படகின் பின்பக்கத்தை நீட்டும் கதை!

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் படகு. ஓட்டை இல்லை, ஒழுகல் இல்லை. அதைக் கிரேன் வைத்துக் கரையேற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்தி, பின்பக்கத்தில் கிரைண்டரை வைக்கிறார் உரிமையாளர். பெயர் எழுதிய பளபளப்பான பின்பலகை சில மணி நேரத்தில் வெள்ளைத் தூசியாக மாறுகிறது. பார்ப்பவர்களுக்கு வயிறு கலங்கும்.

ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா எனப் பாய்மரப் படகுகள் அதிகம் இருக்கும் ஊர்களின் படகுத் துறைகளில் இது ஒன்றும் அபூர்வக் காட்சியல்ல. ஃபைபர் படகின் பின்பக்கத்தை இரண்டடி, மூன்றடி நீட்டுவது பல ஆண்டுகளாக நடக்கும் வேலைதான். சரியாகச் செய்தால் படகுக்கு இன்னொரு ஆயுள். தவறாகச் செய்தால் நடுக்கடலில் பிரியக்கூடிய ஒட்டு. ஏன் இந்த வம்பு? எப்படிச் செய்கிறார்கள்? பார்ப்போம்.

நீளம் கூடினால் வேகம் கூடுமா?

கூடும். ஆனால் கணக்கு இருக்கிறது.

படகு நகரும்போது அதன் முன்னால் ஓர் அலை எழும், பின்னால் ஓர் அலை எழும். வேகம் கூடக் கூட இரண்டு அலைகளுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாகும். ஒரு கட்டத்தில் அந்த இடைவெளி, படகு தண்ணீரைத் தொடும் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் போக நினைத்தால் பின்பக்கம் பள்ளத்தில் இறங்கும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். தான் எழுப்பிய அலை மீதே படகு மலையேற வேண்டிய நிலை. எவ்வளவு காற்றடித்தாலும் கனமான பாய்மரப் படகு அங்கேயே திணறும்.

இந்த வேக வரம்பைக் கணக்கிட ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் நாட்டில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

தண்ணீர்மட்டத்தில் 24 அடி நீளமுள்ள படகின் வரம்பு சுமார் 6.6 நாட். அதையே 27 அடியாக்கினால் சுமார் 7 நாட். மூன்றடிக்கு அரை நாட்கூடக் கூடவில்லையே என்று தோன்றும். ஆனால் கடலில் படகு இரவும் பகலும் ஓடும். ஒரு நாளைக்கு ஒன்பது கடல் மைலுக்கு மேல் மிச்சம். கேனரி தீவுகளிலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து கரீபியனின் செயின்ட் லூசியாவுக்குப் போக சுமார் 2,700 கடல் மைல். காகிதக் கணக்குப்படி ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேரலாம். பின்னால் புயல் துரத்தும்போது, அந்த ஒரு நாளின் அருமை மாலுமிக்குத்தான் தெரியும்.

ஒரு நிபந்தனை. நீட்டிய பகுதி தண்ணீரில் படவேண்டும், அல்லது ஓடும்போது எழும் பின்னலையாவது அதைத் தொடவேண்டும். மேலே அந்தரத்தில் தொங்கும் நீட்சியால் வேகம் கூடாது, எடைதான் கூடும்.

விதிக்காகச் செதுக்கிய வால்

பழைய ஃபைபர் படகுகளில் பலவற்றுக்குப் பின்பக்கம் ஏன் அவ்வளவு ஒடுங்கியிருக்கிறது? பதில் பந்தய விதிகளில் இருக்கிறது.

1970-களில் கடல் பந்தயங்களை ஆண்டது ஐ.ஓ.ஆர் என்ற அளவீட்டு விதி. வெவ்வேறு அளவுப் படகுகள் ஒரே பந்தயத்தில் ஓடுவதால், ஒவ்வொரு படகையும் பல இடங்களில் அளந்து அதற்கேற்பச் சலுகை நேரம் கொடுப்பார்கள். பின்பக்கத்தின் சுற்றளவும் அந்தக் கணக்கில் வரும். பின்பக்கத்தை ஒடுக்கினால் காகிதத்தில் படகு சிறியதாகத் தெரியும், சலுகை கூடும். வடிவமைப்பாளர்கள் விடுவார்களா? நடுவில் அகலம், பின்னால் ஊசி என்று படகுகளைச் செதுக்கினார்கள்.

பந்தயத்தில் கோப்பை கிடைத்தது. ஆனால் பின்காற்றில் ஓடும்போது இந்தப் படகுகள் தொட்டில் மாதிரி இருபக்கமும் ஆடின. தாங்கிப் பிடிக்கப் பின்பக்கத்தில் போதிய அகலம் இல்லை. பந்தயக் காலம் முடிந்து அவை குடும்பங்களின் கைக்கு வந்தபோது, அந்த ஆட்டமும் கூடவே வந்தது. பின்பக்கத்தை நீட்ட விரும்புகிறவர்களில் பலர் இப்படிப்பட்ட படகுகளை வாங்கியவர்கள்தான்.

அதற்காக ஒடுங்கிய பின்பக்கமே ஆபத்து என்று முடிவுகட்ட முடியாது. 1979 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் ஓடின. நடுவில் பெரும்புயல். பந்தய வீரர்கள் 15 பேர் இறந்தார்கள். அந்தப் பந்தயத்தின் மிகச் சிறிய படகுகளுக்கான பிரிவில், முழுத் தூரத்தையும் ஓடி முடித்தது 'அசென்ட்' என்ற ஒரே ஒரு படகு. அது கான்டெஸா 32 வகை ஃபைபர் படகு. அகலம் குறைவு, பின்பக்கமும் ஒடுக்கம். ஆக, படகின் ஒரு பகுதியை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்லக்கூடாது என்பதுதான் பாடம்.

பின்பக்கத்தை அளவுக்கு மீறிப் பெருக்கினாலும் சிக்கல்தான். பின்னாலிருந்து வரும் அலை அதைத் தூக்கும். முன்பக்கம் தண்ணீரில் குத்தும். சுக்கான் பிடி தளர்ந்து படகு பக்கவாட்டில் திரும்பிவிடலாம்.

பிரபலங்களும் தப்பவில்லை

ஆஸ்திரேலியாவின் சிட்னி - ஹோபார்ட் பந்தயத்தில் பலமுறை முதலில் கரைதொட்ட 'வைல்ட் ஓட்ஸ் XI' படகையும் 2015-ல் அறுத்தார்கள். அங்கே வேலை தலைகீழ். பின்பக்கத்தில் இரண்டு மீட்டர் வெட்டி, முன்பக்கத்தில் இரண்டு மீட்டர் கூட்டினார்கள். 100 அடி என்ற வரம்பைத் தாண்டாமல் எடையும் பாயும் அமையும் இடத்தை மாற்றத்தான் இந்த ஏற்பாடு. அது ஃபைபர் அல்ல, கார்பன் இழைப் படகு. செலவும் கோடீஸ்வரர் கணக்கு. ஆனால் அறுத்து ஒட்டும் தத்துவம் ஒன்றுதான்.

கொத்தனார் கற்றுத்தரும் பாடம்

வேலையின் உயிர்நாடி ஒட்டு. ஃபைபர் என்று நாம் சொல்வது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய பொருள். சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைகளில் பெருகிய ஃபைபர் படகுகளும் இதே பொருள்தான். கண்ணாடித் தூசி பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் என்பது நம் கடற்கரைப் பட்டறைகளுக்கும் பழகிய சங்கதி.

பல ஆண்டுகளுக்கு முன் இறுகிய ரெசினோடு புதிய ரெசின் வேதியியல்ரீதியாகக் கலக்காது. மேலே ஒட்டிப் பிடித்துக்கொள்ள மட்டுமே செய்யும். பழைய சுவரில் அப்படியே சிமென்ட் பூசினால் பெயர்ந்து வரும். கொத்துப் போட்டுப் பூசினால் நிற்கும். அதேதான் இங்கேயும். பெயின்ட், ஜெல் கோட் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, உள்ளே இருக்கும் இழை தெரியும்வரை போகவேண்டும். கொத்தனார் சுவரை நனைப்பார். இங்கே ஒரு சொட்டு ஈரமும் இருக்கக்கூடாது.

தேய்ப்பதற்கும் அளவு உண்டு. படகின் தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்ப்பது வழக்கம். எட்டு மில்லிமீட்டர் தடிமன் என்றால், சுற்றிலும் கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் அகலச் சரிவு. அந்தச் சரிவில் புதிய இழைகளை அடுக்கடுக்காகப் படியவிடுவார்கள்.

பழைய பாலியெஸ்டர் படகில் ஒட்டுவதற்கு எபாக்சி ரெசினைப் பலர் விரும்புகிறார்கள்; பிடிமானம் அதிகம். ஆனால் நம் பட்டறைகளில் புழங்கும் சாதாரண மேட்டை அதோடு சேர்க்கக்கூடாது. பெரும்பாலான மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில்தான் கரையும், எபாக்சியில் கரையாது. அதனால் தைத்த அல்லது நெய்த துணியைப் பயன்படுத்துகிறார்கள்.

பாலியெஸ்டரில் வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றதைச் சேர்க்கவேண்டும்.

வடிவம் எப்படி வருகிறது?

பரவலான வழி, வழவழப்பான மெல்லிய பலகைகளைப் படகின் பக்கங்களோடு பொருத்திப் பின்னால் நீளவிடுவது. படகின் வளைவையே அவை தொடரும். அதுவே தற்காலிக அச்சு. உள்பக்கமாக இழையும் ரெசினும் இட்டு, இறுகியதும் பலகையைக் கழற்றிவிடலாம். இன்னொரு வழி, ஃபோம் பட்டைகளை வளைத்து வடிவம் கொண்டுவந்து, இருபக்கமும் ஃபைபர் போர்த்துவது.

எதுவானாலும் அடிப்பக்க வளைவு இயல்பாகத் தொடரவேண்டும். ஒட்டிய இடத்தில் சின்னப் பள்ளமோ மேடோ விழுந்தால், வேகம் கூட்டச் செய்த வேலையே வேகத்தைக் குறைக்கும்.

அடுத்து பின்பலகையில் இருக்கும் சாமான்கள். பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பி, இன்ஜின் புகைக்குழாய், தண்ணீர் வடியும் துளைகள், பின்விளக்கு என எல்லாவற்றுக்கும் புது வழி வேண்டும். பாய்மரக் கம்பியின் இழுவிசை மிக அதிகம். அதைப் புதிய பகுதிக்கு மாற்றினால் அதற்கேற்ற பலம் தேவை. இல்லையென்றால் பழைய இடத்திலேயே விடுவது நல்லது. சுக்கான் பின்பலகையில் வெளியே தொங்கும் படகு என்றால் வேலை இரட்டிப்பு.

எடைதான் வில்லன்

கடல்நீர் ஒரு கன மீட்டர் சுமார் 1,025 கிலோ. நீட்டிய பகுதியில் 0.15 கன மீட்டர் தண்ணீருக்குள் இருந்தால், அது தாங்குவது சுமார் 150 கிலோ. இதில் ஃபைபரின் சொந்த எடையும் அடக்கம். இடம் கிடைத்துவிட்டதே என்று சோலார் பேனல், சின்னப் படகு, டீசல் கேன் என்று ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும். புதுவீட்டுப் பரண் நிரம்புவது மாதிரிதான் இதுவும்.

செலவிலும் கவனம் வேண்டும். படகை நிறுத்தும் கட்டணம் பல துறைகளில் நீளத்தை வைத்துத்தான். காப்பீட்டு நிறுவனத்துக்கும் பதிவு அலுவலகத்துக்கும் புதிய அளவைச் சொல்லியாகவேண்டும். ஒரே வகைப் படகுகளுக்கான பந்தயங்களில் இனி இடமில்லை.

மூன்று படிகள் போதும்

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் செய்கிறார்கள்? வேகத்தைவிடப் பலருக்கு முக்கியம், படி. நீட்டிய பகுதியைச் சர்க்கரை அள்ளும் கரண்டி போலக் குழிவாக அமைத்து, தண்ணீர்மட்டம்வரை படிகள் வைக்கிறார்கள். தவறிக் கடலில் விழுந்தவர், நனைந்த உடையின் கனத்தோடு செங்குத்தான படகுச் சுவரில் ஏறுவது எவ்வளவு கஷ்டம்! கணவனும் மனைவியும் மட்டும் போகும் படகில் ஒருவர் விழுந்தால், தூக்கிவிட மிச்சமிருப்பது ஒருவர்தான். அலையடிக்கும் நேரத்தில் படியருகே போவதும் கவனமாகச் செய்யவேண்டியதுதான். ஆனால் அமைதியான நீரில் அந்த மூன்று படிகள் உயிரைக் காப்பாற்றும். சின்னப் படகிலிருந்து ஏறும் தாத்தா பாட்டிக்கும் அதுவே வசதி.

விவரமறிந்தவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். பழைய பின்பலகையை முழுவதும் அறுத்து எறிவதில்லை. மேற்பரப்பை மட்டும் தேய்த்து, படகுக்கும் நீட்டிய பகுதிக்கும் நடுவில் தண்ணீர் புகாத சுவராக அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நடுக்கடலில் மரக்கட்டையோ கன்டெய்னரோ மோதிப் புதிய பகுதி உடைந்தால், தண்ணீர் அங்கேயே நிற்கும், வீட்டுக்குள் வராது.

வெளியே தெரிவது புது வால். ஆபத்து என்று வந்தால் முன்னால் நிற்பது அந்தப் பழைய பலகைதான்!