அலரிலிருந்து வாயிலுக்கு: சிறுநகர மறுகூடல் புதினங்களின் ஈர்ப்பு

ஆய்வுச் சுருக்கம்

நேசித்துப் பிரிந்த இருவர், ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு சிறுநகரத்தில் மீண்டும் சந்தித்து இணைவதைப் பொருளாகக் கொண்ட புதினங்களை இக்கட்டுரை ‘மறுகூடல் புதினங்கள்’ எனக் குறிக்கிறது. இவற்றின் ஈர்ப்பு காதலுணர்வில் மட்டும் இல்லை; அவ்விருவரின் பழங்கதையை அறிந்த ஊரிலும் உள்ளது. இதனை அகப்பொருள் மரபின் ‘அலர்’, ‘வாயில்’ ஆகிய கருத்துகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களின் இயல்பும் நடுநாட்டுப் படைப்புகள் இரண்டும் சான்றுகளாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: மறுகூடல், அலர், வாயில், சிறுநகரம், மாதநாவல், நடுநாடு.

முன்னுரை

ராணிமுத்து, மாலைமதி முதலிய மாத இதழ்கள் வழியாகவும், ரமணிசந்திரன் போன்றோரின் நூல்கள் வழியாகவும் குடும்பக் காதல் புதினம் தமிழகத்தின் பேருந்து நிலையக் கடைகளையும் வாடகை நூலகங்களையும் சென்றடைந்தது. ‘முடிவு முன்பே தெரிந்த கதை’ என்பது இவ்வகைமீது பொதுவாகச் சொல்லப்படும் குறை. முடிவு தெரிந்தும் வாசகர் ஏன் படிக்கிறார் என்பதே ஆய்வுக்குரிய வினா.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, ஊர் ஒன்றின் பெண் வாசகர்களை ஆராய்ந்து 1984இல் நூல் வெளியிட்டார். குடும்பப் பணிகளுக்கிடையே பெண்கள் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் நேரமே காதல் புதின வாசிப்பு என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. வாசிப்பு எனும் செயலை இம்முடிவு விளக்குகிறது. ஆனால் பிரிந்தவர் கூடும் கதை, அதுவும் சிறுநகரத்தில் நிகழும் கதை, ஏன் விரும்பப்படுகிறது என்பதற்குத் தமிழ் மரபுக்குள்ளேயே விடை தேடவேண்டியுள்ளது.

மரபில் மறுகூடல்

பிரிந்தவர் மீண்டும் கூடுவது தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. தொல்காப்பியக் கற்பியல், ஊடல் தீர்க்கத் தூது நிற்போரைப் பன்னிரு வாயில்களாக வகுக்கிறது. தோழி, பாணன், விருந்தினர், அறிவர் ஆகியோரோடு, நிகழ்ந்தவற்றைப் பார்த்திருந்த ‘கண்டோர்’ என்பாரும் அவ்வரிசையில் உள்ளனர். அதே ஊரார்தாம் களவொழுக்கத்தில் அலர் தூற்றுவோராக வருகின்றனர். பார்த்திருந்த கண்கள் ஒரு சூழலில் பழியையும் மற்றொரு சூழலில் இணக்கத்தையும் விளைவிக்கின்றன.

காப்பியங்களும் இதனை உறுதிப்படுத்துகின்றன. நளவெண்பாவின் இறுதிப் பகுதி கலிநீங்கு காண்டம். உருமாறி வாகுகனாக வந்த நளனைத் தமயந்தி மீண்டும் அடையாளம் காண்பதே அதன் உச்சம். முன்பே அறிந்தவரால் மட்டும் நிகழக்கூடிய மீட்பு அது. சிலப்பதிகாரம் இதன் மறுதலை. மாதவியைப் பிரிந்து திரும்பிய கோவலனைக் கண்ணகி ஏற்றுக்கொள்கிறாள். எனினும் அவர்கள் மறுவாழ்வைப் புகாரில் தொடங்காமல் மதுரைக்குச் செல்கின்றனர். அங்கே கோவலன் இன்னான் என எடுத்துரைக்க ஒருவரும் இல்லாமையால் கள்வன் என்னும் பழி எளிதில் ஒட்டிக்கொள்கிறது. அறிந்த ஊரில் வெட்கம் உண்டு. அறியாத ஊரில் சான்று இல்லை. மறுகூடல் கதையின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

1817இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ புதினத்திலும் எட்டாண்டுகளுக்குமுன் பிரிந்தவர்கள் உற்றார் சூழவே மீண்டும் நெருங்குகின்றனர்.

சிறுநகரம் என்னும் களம்

1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரான விழுப்புரம், சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி ஆகிய திசைகளின் இருப்புப் பாதைகள் கூடும் சந்திப்பு. திண்டிவனம், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரியுமிடம். சென்னையிலிருந்து முன்னது ஏறத்தாழ 160 கி.மீ., பின்னது ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில் உள்ளன.

பிழைப்புக்கு வெளியேறுவோர் மிகுந்த இவ்வூர்கள், பொங்கலுக்கும் திருமணத்திற்கும் திரும்பிவரக்கூடிய தொலைவிலும் உள்ளன. நாயகன் பத்தாண்டுக்குப்பின் பேருந்திலிருந்து இறங்கும் காட்சி இத்தகைய ஊர்களில் இயல்பாகிறது. பெருநகரத்தில் பிரிந்தவர் வாழ்நாள் முழுதும் ஒருவரையொருவர் காணாதிருக்க இயலும். சிறுநகரத்தில் ஒரே கடைத்தெரு, ஒரே கோயில் திருவிழா, ஒரே பள்ளி வாயில். சந்திப்பைத் தவிர்க்க முடியாது. சந்திப்பை ஊர் கவனிக்காமலும் இராது.

கடலூரில் பிறந்து இளமையில் விழுப்புரத்தில் வாழ்ந்த ஜெயகாந்தனின் ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’ இங்கு ஒப்பிடத்தக்கது. மணமுறிவை நாடிப் பிரிந்திருக்கும் கல்யாணியும் ரங்காவும் அவளது நோயை ஒட்டி மீண்டும் இணைகின்றனர். அப்பெருநகரக் கதையில் இருவருக்கும் இடையில் நிற்பவர் வழக்கறிஞர். சிறுநகரப் புதினத்தில் அவ்விடத்தை அண்டைவீட்டு மூதாட்டியும் பழைய ஆசிரியரும் நண்பனின் தங்கையும் நிரப்புகின்றனர். தொடக்கத்தில் புறம்பேசும் இவர்களே இறுதியில் தூது செல்கின்றனர். அலர், வாயிலாக மாறுவதே இப்புதினங்களின் உண்மையான கதைப்போக்கு. முடிவு தெரிந்தும் வாசகர் காத்திருப்பது நாயகன் மனம் மாறுவதற்காக மட்டுமன்று; ஊர் மனம் மாறுவதற்காகவும் ஆகும். ‘வாழாவெட்டி’ என்னும் சொல் புழங்கும் சமூகத்தில் வாழும் பெண் வாசகருக்கு இம்மாற்றம் சிறிய ஆறுதலன்று.

மறுகூடல் மறுக்கப்படும் இடம்

இவ்வாறுதலின் எல்லையை நடுநாட்டுப் படைப்புகள் காட்டுகின்றன. பண்ருட்டிப் பகுதியைச் சேர்ந்த தங்கர் பச்சானின் ‘கல்வெட்டு’ சிறுகதை, அவர் இயக்கத்தில் 2002இல் ‘அழகி’ திரைப்படமாயிற்று. சிறுவயதில் நேசித்த தனலட்சுமியைச் சண்முகம் மீண்டும் காண்பது ஊரிலன்று, சென்னையின் தெருவோரத்தில். அவள் கணவனை இழந்தவள், அவன் மணமானவன். அவனுடைய வீட்டில் அவளுக்குக் கிடைப்பது வேலைக்காரியின் இடம்.

இமையத்தின் ‘எங் கதெ’ (2015) ஊரை விட்டு விலகாத கதை. இரு பெண் குழந்தைகளோடு கணவனை இழந்து, பள்ளி எழுத்தராகப் பணிக்கு வரும் கமலாவை விநாயகம் நேசிக்கிறான். உறவு பல்லாண்டு நீண்டும் மணமாகக் கனியவில்லை. ஊரின் பேச்சும் ஆணின் ஐயமும் அதனை அரிக்கின்றன. இங்கு அலர் இறுதிவரை அலராகவே நிற்கிறது.

வெகுசனப் புதினங்களில் பிரிவுக்குக் காரணம் பெரும்பாலும் தவறான புரிதல், மறைக்கப்பட்ட கடிதம், மூத்தோர் பிடிவாதம் ஆகியனவே. சாதி பெயர் சொல்லி வருவது அரிது. ஆனால் அதே நிலப்பகுதியில், விருத்தாசலம் அருகே 2003இல் சாதி கடந்து மணந்த இளம் இணையர் கொல்லப்பட்டனர். கடலூர் நீதிமன்றம் 2021இல் அவ்வழக்கில் தண்டனை விதித்தது. முதல் வாய்ப்பே உயிருக்கு ஊறாகும் இடத்தில் மறுவாய்ப்பு பற்றிய கதை சாதியைக் குறித்து மௌனம் காப்பதால் மட்டுமே இனிமையாக முடிகிறது.

முடிவுரை

மறுகூடல் புதினம் வாசகருக்கு அளிப்பது இழந்த காதலன் அல்லன். தன் கடந்தகாலத்தை அறிந்தும் தன்னை ஏற்கும் ஊர். கற்பியல் வாயில்களிடம் எதிர்பார்த்த பணியை இப்புதினங்கள் விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் மனிதர்களிடம் ஒப்படைக்கின்றன. ஆகவே இவற்றை வெறும் கனவு எனத் தள்ளுதல் பொருந்தாது. ஊர் எவ்வாறு இருந்திருக்கலாம் என்பது குறித்த பெண் வாசகரின் மதிப்பீடு இவற்றில் பதிவாகியுள்ளது. எந்தப் பெண்ணுக்கு, எந்தத் தெருவினருக்கு அவ்வூர் வாயில் திறக்கவில்லை என்பதையும் இப்புதினங்களின் மௌனங்களிலிருந்து படித்தறிய வேண்டும். இனிவரும் ஆய்வுகள் ஈர்ப்பையும் மௌனத்தையும் ஒருசேர நோக்குதல் தேவை.