துண்டும் புத்தகமும்

ஹற்றனுக்கும் வட்டவளைக்கும் இடையே, தேயிலைச் சரிவுகளின் நடுவே புகையிரதம் நின்று செல்லும் சிற்றூர் றொசல்ல. அதனைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன்களிற் பிறந்த பிள்ளைக்குச் சேமிப்பைப் போதிக்கப் புகும் ஆசிரியர், முதலில் ஒரு வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அப்பிள்ளையின் முன்னோர் பெயர் இந்நாட்டில் முதலில் ஏறியது சேமிப்புக் கணக்கிலன்று, கடன் கணக்கில்.

தமிழகத்திலிருந்து புறப்படும்போதே வழிச்செலவும் முற்பணமும் அவர்கள் தலையிற் கடனாக ஏறின. அத்தொகை குறிக்கப்பெற்ற சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அதனைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கே தொழிலாளி மாறிச் செல்லலாம். மனிதனைக் காகிதத்தாற் கட்டிய அம்முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்தது.

அக்காலத்திற் சேமிப்பு வங்கிகள் இல்லாமலில்லை. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832இலும், தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கி 1885இலும் தோன்றின. ஹற்றன் நகரிலேயே 1888இல் ஒரு வங்கி எழுந்தது. ஆயின் அது துரைமாரின் தேவைக்காக எழுந்தது. கொழுந்து கிள்ளிய கைக்கும் அவ்வாயிலுக்கும் இடையே தூரம் மிகுதி. 1971இல் அவ்விரு சேமிப்பு வங்கிகளும் தேசிய சேமிப்பு வங்கியாக ஒன்றுபட்டன. பிள்ளைகளின் பெயரிலும் இன்று அங்கே கணக்குத் திறக்கலாம்.

"சோற்றுக்கே போதாத சம்பளத்திற் சேமிப்பா?" எனப் பெற்றோர் வினவுவர். நியாயமான வினாவே. குறைந்த கூலிக்குச் சிக்கனம் பரிகாரமன்று. கூலி உயர்வு கேட்போரிடம் உண்டியலைக் காட்டுதல் அறமுமன்று. அன்றியும், 2022இல் விலைவாசி ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்தபோது, வங்கியிற் கிடந்த ரூபாவின் மதிப்பும் கரைந்ததன்றோ?

பின் எதற்குச் சேமிப்பு? கணக்குப் பார்க்கும் பழக்கத்திற்காக. சம்பள நாளில் முற்பணக் கழிவும் கடைப் பற்றும் போக எஞ்சுவதே தொழிலாளியின் கையில் விழும். கழிவுகளைப் படித்துச் சரிபார்க்க இயலாதவன், பிறர் சொல்லும் தொகையை ஏற்பதன்றி வேறென் செய்வான்? பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1866இல் பேராசிரியர் லோரன் தொடங்கிய பள்ளிச் சேமிப்பும் தொழிலாளர் பிள்ளைகளிடம் பழக்கத்தை வளர்க்கவே முயன்றது.

அதற்குப் பெருமுதல் வேண்டா. பழைய கொப்பியின் ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒருபுறம் வந்த காசையும் மறுபுறம் போன காசையும் பிள்ளை எழுதட்டும். வார இறுதியில் ஆசிரியர் ஒன்றே ஒன்று கேட்கட்டும்: "எது பசிக்கு வாங்கியது? எது பார்த்ததற்காக வாங்கியது?" வள்ளுவரும் வருவாயின் சிறுமையைக் குறை கூறினாரல்லர்; செலவின் அகலத்தையே எச்சரித்தார்.

செக்ரோலில் ஒரு நாள் உழைப்பைப் 'பேர்' என்பது தோட்ட வழக்கு. பிறர் எழுதிய பேரால் வாழ்ந்தோரின் பிள்ளை, தன் பேர் எழுதிய வங்கிப் புத்தகத்தைக் கையிலேந்துகிறது. அதிலுள்ள தொகை சிறிதே. எனினும் துண்டில் இருந்தது கடன். இதில் இருப்பது அப்பிள்ளையின் காசு.