கடுகுக்கும் இடம் வேண்டும்!

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று பேசிப் பழகியவர்கள் நாம். காரத்தைப் பற்றிப் பேசினோம், கடுகைப் பற்றிக் கேட்டோமா? தாளிக்கும் கரண்டியிலே வெடிக்கும்போது மட்டுமே அது நம் கண்ணிலே படுகிறது. அது வயலிலே எப்படி நின்றது, பக்கத்துச் செடியோடு எப்படிப் போராடியது என்பதை யார் கண்டார்?

ஒரகடம் கூட்டுச்சாலைத் தேநீர்க் கடையிலே, முதல் ஷிப்டு முடித்து வந்த பீகார்த் தோழர் ஒருவர்தான் நமக்கு அந்தக் கதையைச் சொன்னார். கழுத்திலே அடையாள அட்டை, கண்ணிலே தூக்கமின்மை, நாவிலே ஓராண்டிலே கற்ற தமிழ்.

"அண்ணே, ஊரிலே அப்பா கடுகு போட்டிருக்கிறார். விதைக்கு நான்தான் பணம் அனுப்பினேன். பாய் விரித்தது போல நெருக்கமாக முளைத்திருக்கிறது. கலைத்து விடுங்கள் என்றேன். முளைத்ததைப் பிடுங்கினால் பாவம் என்கிறார்."

பாவமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம், தோழர்களே! கணக்குக்குக் கண்ணீரும் தெரியாது, சடங்கும் தெரியாது. உள்ளதை உள்ளபடி உரைக்கும்.

ஓர் ஏக்கருக்கு இரண்டு கிலோ கடுகு விதை என்பது வடநாட்டு வழக்கத்தை ஒட்டிய அளவு. ஆயிரம் விதையின் எடை ஐந்து கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டு கிலோவிலே 4 லட்சம் விதைகள்! வரிசைக்கு வரிசை ஓர் அடி, செடிக்குச் செடி நான்கு அங்குலம் என்று நிறுத்தினால், ஓர் ஏக்கர் தாங்கும் செடிகள் ஏறத்தாழ 1,30,000தான். முளைப்பதெல்லாம் நின்றால், ஒருவர் உண்ண வேண்டிய இலையிலே மூவர் அமர்ந்த கதை! மூவருக்கும் அரை வயிறுகூட நிரம்பாது.

நெருக்கத்திலே என்ன நடக்கிறது? ஒளிக்காகச் செடிகள் ஒன்றை ஒன்று முந்துகின்றன. உயரம் கூடுகிறது, தண்டு மெலிகிறது, காற்றடித்தால் சாய்கிறது. அடியிலைகள் நிழலிலே மஞ்சளாகி உதிர்கின்றன. பக்கக் கிளை விடச் செடிக்குத் தெம்பில்லை. கிளை குறைந்தால் பூ குறையும். பூ குறைந்தால் காய் குறையும். காய் குறைந்தால் களத்துமேட்டிலே உழவன் முகம் வாடும். போதாக்குறைக்கு, காற்றுப் புகாத பயிரிலே ஈரம் தங்கி, தண்டழுகல் போன்ற பூசண நோய்க்கு வரவேற்பு வளைவு கட்டப்படுகிறது!

அப்படியானால் முழத்துக்கு ஒரு செடி என்று விலக்கி விலக்கி நட்டுவிடலாமா? அதுவும் அறிவுடைமை ஆகாது. தனித்து நிற்கும் செடி செழித்துக் கிளைக்கும், உண்மைதான். ஆனால் உழவன் அளப்பது ஒரு செடியின் விளைச்சலை அல்ல, ஓர் ஏக்கரின் விளைச்சலை! வெற்றிடத்திலே விழும் வெயில் வீண். அங்கே களை குடியேறும். கடைசிக் கிளையின் காய் பச்சையாக இருக்கும்போதே முதல் காய் முற்றி வெடித்து விதையைச் சிந்தும். அதனாலேதான் ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை வரிசை இடைவெளி, நான்கு முதல் ஆறு அங்குலம் வரை செடி இடைவெளி என்று அறிந்தோர் வகுத்தனர். விதைப்பு பிந்தினால் செடி சிறுத்தே நிற்கும். அப்போது சற்று நெருக்கலாம். விதைத்த 15 முதல் 20 நாளுக்குள் மிகையானதைக் கலைத்துவிட வேண்டும். இராசத்தான் மாநிலம் பரத்பூரிலே கடுகுக்கென்றே 1993இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்து ஆராய்கிறார்கள். கடுகுதானே என்று அவர்கள் கைகழுவவில்லை.

இது வடநாட்டுப் பயிரின் கதை, நமக்கென்ன என்பார் உளரோ? திருப்பெரும்புதூர் ஏரிப் பாசனத்திலே நெல் நட்ட கைகளே இன்று இங்கே இயந்திரம் முடுக்குகின்றன. ஒற்றை நாற்று நடவு பற்றி 1911ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டிலே எழுதினார்கள். மடகாசுகரிலே லொலானியே என்ற பாதிரியார் 1980களிலே உருவாக்கிய முறை, இங்கே திருந்திய நெல் சாகுபடி என்று பெயர் பெற்றது. 14 நாள் இளநாற்று, குத்துக்கு ஒன்று, சதுரமாக 25 சென்டிமீட்டர் இடைவெளி. ஏக்கருக்கு 20, 30 கிலோ விதை கொட்டிய இடத்திலே இரண்டு மூன்று கிலோ போதும் என்றாயிற்று. அதே வழியிலே பீகாரின் கயா மாவட்டத்து உழவர்கள் கடுகையும் நாற்றுவிட்டு, விலக்கி நட்டு, பலன் கண்டார்கள். "உம் ஊர்ப் பக்கமே சான்று இருக்கிறதே, தம்பி!" என்றோம். "இன்றிரவே அப்பாவோடு பேசுகிறேன்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "எங்கள் அறையிலே பன்னிரண்டு பேர், அண்ணே. கடுகு வயல் மாதிரிதான்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நம்மைச் சுட்டது.

2021 டிசம்பரிலே, விடுதி உணவால் தோழியர் நோயுற்றது கண்டு பொறுக்காமல், இந்த வட்டாரத்துப் பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையிலே அமர்ந்தார்களே, மறந்துவிட்டோமா? நெருக்கடியான அறைகளிலே வாழ்ந்த வேதனையும் அன்று வெளிவந்தது. 2024 ஆகஸ்டிலே வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவிலே 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. அறைக்கு ஆறு பேர் என்ற கணக்கு. நல்ல தொடக்கம். ஆனால் ஒரகடத்துத் தகரக் கூரையின்கீழ் பன்னிரண்டு பேராய்ப் படுத்திருக்கும் ஆண்களின் கணக்கை யார் போடுவது?

நம்மிலே சிலர், "வடக்கிலிருந்து வந்தவர்கள் கூடிவிட்டார்கள், கலைத்துவிட வேண்டும்" என்று முணுமுணுப்பதையும் கேட்கிறோம். தோழர்களே, இங்கேதான் கடுகுக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டை உணர வேண்டும். வயலுக்கு வரப்பு உண்டு, நிலம் நீளாது. ஆகவே செடியைப் பிடுங்குகிறோம். விடுதிக்கு அறை சேர்க்கலாம், அறைக்குச் சாளரம் வைக்கலாம், அதற்கான பணமும் அந்தத் தொழிலாளியின் உழைப்பிலேயே விளைகிறது. செடியைக் கலைப்பது வேளாண்மை. மனிதனைக் கலைப்பது கொடுமை!

ஒரு கடுகுச் செடிக்கு நான்கு அங்குலம் குறைந்தால் காய்க்காது என்று அளந்து சொல்கிறது அறிவு. ஓர் உழைப்பாளி புரண்டு படுக்க எத்தனை அடி வேண்டும் என்று அளந்து கேட்போம். எட்டு மணி நேரம் அவன் நிற்கும் இடத்தை அங்குலம் அங்குலமாய் அளந்து குறித்திருக்கிறது ஆலை. அவன் படுக்கும் இடத்தையும் அளக்கட்டும்!