பருத்திச் செடியின் உணவும் நெசவாளியின் நூலும்

சாயமேற்றிய துணியில் ஆங்காங்கே வெண்புள்ளிகள் தோன்றுவதை நெசவுத் தொழிலிலுள்ள நம் அங்கத்தினர்கள் நன்கறிவர். சாயக்காரரின் கைக்குற்றம் என்பார் சிலர். நூற்பாலையின் குறை என்பார் வேறு சிலர். சில வேளைகளில் அவ்வாறும் இருக்கலாம். ஆயினும் அப்புள்ளிகளுள் ஒரு வகை, தறிக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, செடியில் காய் பச்சையாக இருக்கும்போதே உண்டாகிவிடுகிறது. பயிரிடுவோரும் நெய்வோரும் ஒரே சங்கத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு இதன் காரணம் தெரிந்திருப்பது நலம்.

பருத்தி இழை ஒவ்வொன்றும் விதையின் மேல்தோலில் தோன்றும் ஒரே ஓர் உயிரணுவாகும். பூ விரியும் நாளிலேயே அது முளைவிடுகிறது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் நீண்டுகொண்டே போகிறது. பின்னர் அதன் உட்சுவரில் செல்லுலோஸ் என்னும் பொருள் படலம் படலமாகப் படிந்து இழை தடிக்கிறது. பூத்த 45 அல்லது 50 நாளில் காய் வெடிக்கும் வரை இவ்வேலை நடைபெறும். நீளும் பருவத்தில் செடிக்கு உணவு குறைந்தால் இழை குட்டையாகும். தடிக்கும் பருவத்தில் குறைந்தாலோ, நீளம் இருந்தும் உள்ளீடற்ற முதிராத இழையாகும். இத்தகைய இழை நாடாபோல் தட்டையாக மடிந்து, ஆலை இயந்திரங்களில் சிறு சிறு முடிச்சுகளாகச் சுருண்டுகொள்ளும். சாயத்தை அது வெளிறியே ஏற்கும். நாம் காணும் வெண்புள்ளி அதுவே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பஞ்சு ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸ். அதனை ஆக்கும் மூலப்பொருள்களைச் செடி காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் பெறுகிறது. அவ்வாறாயின் உரம் எதற்கு? பஞ்சினுள் உரச்சத்து மிகச் சிறிதளவே செல்கிறது என்பது மெய்தான். ஆனால் அந்தச் செல்லுலோஸை ஆக்கும் இலைக்கும், அதைக் காய்க்குக் கொண்டுசெல்லும் வழிக்கும், கொட்டைக்கும் உரம் வேண்டும்.

மூன்று பேரூட்டச் சத்துகளுள் நம்மவர் பெரிதும் புறக்கணிப்பது சாம்பல் சத்தே. ஆதலின் அதனை முதற்கண் கூறுவோம். நீளும் இழை, காற்றடைத்த பையைப்போல் உள்ளிருந்து நீரால் விறைத்து நிற்க வேண்டும். அந்நீரை இழைக்குள் ஈர்த்து நிறுத்துவதில் பொட்டாசியத்தின் பங்கு பெரிது. இலையில் ஆன சர்க்கரையைக் காய்க்குக் கடத்துவதிலும் அதற்குப் பங்குண்டு. ஆகவே அது குறைந்தவிடத்து நீளம், முதிர்ச்சி, வலிமை ஆகிய மூன்றும் குன்றுகின்றன. இலையோரம் மஞ்சளித்துக் கருகுதலும், இலைகள் காலத்துக்கு முன் உதிர்தலும், காய்கள் சரிவர வெடியாமையும் இதன் அறிகுறிகள். கரிசல் நிலத்தில் இச்சத்து இயற்கையிலேயே மிகுதி என்று எண்ணிப் பலர் அதனை இடுவதேயில்லை. இருப்பு மிகுதிதான். ஆனால் காய்கள் ஒருசேரத் திரளும் நாட்களில் செடி கேட்கும் வேகத்திற்கு மண் ஈடுகொடுப்பதில்லை. பழைய நாட்டு இரகங்கள் சில காய்களையே தாங்கின. இன்றைய வீரிய ஒட்டு இரகங்களோ ஒரே காலத்தில் பல காய்களைத் தாங்குகின்றன. செம்மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் இருப்பே குறைவு. அங்கே கேள்விக்கு இடமில்லை. காயின் தோட்டில் சாம்பல் சத்து மிகுதியாகச் சேர்ந்திருப்பதால், தோட்டையும் மாரையும் வயலுக்கே திருப்புதல் செலவற்ற உரமாகும். பூச்சி தங்காதபடி மாரைத் துண்டாக்கி மக்கவைத்து இட வேண்டும்.

தழைச்சத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அது குறைந்தால் அடியிலைகள் மஞ்சளித்துச் செடி குன்றும்; இதை யாவரும் அறிவர். அது மிகுந்தால் நேரும் தீமையையே பலர் அறியார். வயல் கருகருவென்று தழைத்து நிற்பது கண்ணுக்கு இனிது. ஆனால் செடி தழைப்பதிலேயே முனைந்து, பூப்பதையும் காய்ப்பதையும் தள்ளிப்போடும். தாமதித்து வந்த காய் மழையிலும் பனியிலும் அகப்பட்டு முதிராது போகும். அடர்ந்த நிழலில் அடிக்காய்கள் அழுகும். இளந்தழையைத் தேடித் தத்துப்பூச்சியும் வந்து சேரும். மூட்டை யூரியா வாங்கிய பணத்தோடு மருந்துக்கும் பணம் போகிறது.

மணிச்சத்து வேரூன்றவும், காலத்தில் பூக்கவும், கொட்டை நிறையவும் உதவுகிறது. சுண்ணாம்பு மிக்க கரிசலில் அது மண்ணோடு பிணைந்து செடிக்குக் கிட்டாமற் போவதால், வாரி இறைக்காமல் தொழு உரத்துடன் கலந்து விதை வரிசைக்கு அருகே இடுதல் தக்கது.

அளவைக் கணக்கிடும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஏக்கருக்குத் தழைச்சத்து 32, மணிச்சத்து 16, சாம்பல் சத்து 16 கிலோ வேண்டும் எனக் கொள்வோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. ஆகவே 70 கிலோ யூரியா. சூப்பர் பாஸ்பேட்டில் 16 பங்கு மணிச்சத்து. ஆகவே 100 கிலோ. மூரியேட் ஆப் பொட்டாஷில் 60 பங்கு சாம்பல் சத்து. ஆகவே 27 கிலோ. மணிச்சத்து முழுவதையும், மற்றவற்றில் பாதியையும் அடியுரமாக இட்டு, மீதியை 40 முதல் 45 நாளில் மேலுரமாக இடலாம். வீரிய ஒட்டு இரகங்களுக்கு அளவும் தவணையும் கூடும். அந்த 27 கிலோவைத்தான் பலர் மிச்சம் பிடிக்கின்றனர்!

அவர்களை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. எடைக்கு மட்டும் விலை வைத்துக்கொண்டு, முதிர்ந்த பஞ்சு தா என்று கேட்பது எங்ஙனம் பொருந்தும்? 1968-ல் கோவையில் வெளியான எம்.சி.யூ. 5, 1974-ல் வெளியான சுவின் முதலிய நீண்ட இழை இரகங்கள் நயமான நூலுக்கென்றே உருவாக்கப்பட்டவை. அவற்றையும் அரைப்பட்டினியில் வளர்த்தால் இரகத்தின் பெயர் மட்டுமே மிஞ்சும். கொள்முதலின்போது இழையின் முதிர்ச்சியைச் சோதித்து, அதற்கேற்ப விலையில் வேற்றுமை காட்டும் ஏற்பாட்டைக் கூட்டுறவுச் சங்கங்கள் செய்தாலன்றிப் பொட்டாஷ் மூட்டை வயலுக்குச் செல்லாது என்பது நம் கருத்து.

உரமளவை முடிவு செய்யுமுன் மண்ணைச் சோதித்தல் அவசியம். வரப்போரம், எருக்குவித்த இடம், மரநிழல் ஆகியவற்றை நீக்கி, ஏக்கருக்குப் பத்து இடங்களில் 9 அங்குல ஆழத்திற்கு ‘வி’ வடிவக் குழி வெட்டி, பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவி எடுக்க வேண்டும். யாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவைத் துணிப்பையிலிட்டு, முன் பயிரின் பெயரையும் இனி விதைக்கும் இரகத்தையும் குறித்து, விதைப்புக்கு ஒரு மாதம் முன்பாகவே மண் பரிசோதனை நிலையத்தில் சேர்த்துவிட வேண்டும்.