வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே வான்சேவை

வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே வான்சேவை என்பது ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுக்கூட்டத்தில் இரு சிறு தீவுகளை இணைக்கும் பயணிகள் வான்சேவை ஆகும். உலகின் மிகக் குறுகிய முறைசார் வான்சேவை இதுவே. லோகன்ஏர் நிறுவனம் 1967 ஆம் ஆண்டு முதல் இதனை நடத்தி வருகிறது.

இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர். எடின்பரோ வானூர்தி நிலையத்தின் ஓடுபாதையே ஏறக்குறைய இவ்வளவு நீளமுடையது. பயணம் வழமையாக இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். மிகக் குறைந்த பதிவு 53 விநாடிகள். எனினும் வானூர்தி காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் வேண்டும் என்பதால், காற்றின் திசை மாறும்போது சுற்றிவர நேர்கிறது. தூரம் அதுவே, நேரம் மட்டும் கூடுகிறது.

2011 கணக்கெடுப்பின்படி பாப்பா வெஸ்ட்ரேயின் மக்கள்தொகை 90. ஆசிரியர்களும் மருத்துவர்களும் நோயாளிகளும் இச்சிறு ஐலண்டர் வானூர்தியையே நம்பியுள்ளனர். சுற்றுலாப் பயணிகளுக்கோ இது ஒரு வேடிக்கை.